சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்: சிங்கப்பூர் பிரைம் மூவரை மாடலாகக் கட்ட முழுமையான வழிகாட்டி

பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பார்த்து, பாகங்களாக வரும் லாரி கிட்டை வாங்கிவிடலாம். ஆனால் வெஸ்ட் கோஸ்ட் ஹைவேயில் தினமும் நம்மைக் கடந்து போகிற, டிரெய்லரை இழுக்கும் லாரியான பிரைம் மூவர்தான் மேசைமேல் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், அந்தப் பெட்டி பாதி தூரம்கூடக் கொண்டுவந்து விடாது. ஐரோப்பிய கிட்டில் ஸ்டீயரிங் பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும், நம் சாலையில் வலப்பக்கம். கிட்டில் நெடுந்தூரப் பயணத்துக்கான உயர்ந்த கூரை வரும். நாள் முழுக்க ஓடினாலும் இரவில் வீடு திரும்பிவிடும் இந்த ஊர் வண்டிகளில் தாழ்ந்த கூரைதான் அதிகம் பார்க்கிறோம். டிரெய்லரின் அச்சுகளும் மாறும். இந்த வித்தியாசங்களை முன்கூட்டியே கணக்கெடுத்துப் பாகம் தேடினால் பணம் மிஞ்சும், மாடலும் உண்மையாக இருக்கும். கிட்டை அவசரப்பட்டு வாங்க வேண்டாம், அதன் முறை கொஞ்சம் கழித்துத்தான் வரும்.

ஒரே ஒரு வண்டி

'ஸ்கேனியா கட்டப்போகிறேன்' என்று சொன்னால் போதாது. எந்த ஸ்கேனியா, எந்த நிறம், எந்த டிரெய்லரை இழுக்கிறது என்று ஒரு குறிப்பிட்ட வண்டியைத் தேர்ந்தெடுங்கள். மனத்தில் நான்கு வண்டிகள் கலந்து கிடந்தால் பாகங்களும் நான்கு விதமாக வந்து சேரும்.

படம் எடுக்கும்போது சற்று விலகி நின்று, ஜூம் செய்து, பக்கவாட்டில் நேராக எடுங்கள். கிட்டே நின்று அகலக் கோணத்தில் எடுத்த படத்திலிருந்து அளவு எடுக்க முடியாது. இரண்டு பக்கம், முன், பின் ஆகியவற்றோடு பலர் விட்டுவிடும் மூன்று படங்களும் அவசியம். முதலாவது, கேபின் முதுகுக்கும் ஐந்தாம் சக்கரத்துக்கும் (டிரெய்லர் வந்து மாட்டும் வட்டத் தட்டு) இடையில் காற்றுக் குழாய்கள் தொங்கும் இடம். இரண்டாவது, சக்கரத்தின் நேர்முகம். மூன்றாவது, டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்து. அந்த எழுத்துதான் உங்கள் அளவுகோல். 295/80 ஆர் 22.5 என்று இருந்தால் டயரின் விட்டம் சுமார் 1,044 மி.மீ. படத்தில் டயர் எத்தனை மி.மீ. வருகிறது என்று பார்த்து விகிதம் போட்டால், அந்த வண்டியின் எந்த நீளத்தையும் படத்திலிருந்தே கணக்கிடலாம்.

துறைமுக முனையங்கள் பாதுகாக்கப்பட்ட இடங்கள். உள்ளேயோ வேலி ஓரத்திலோ கேமராவைத் தூக்காதீர்கள். கனரக வாகன நிறுத்துமிடங்களும், பயனியர், துவாஸ் பக்கம் ஓட்டுநர்கள் சாப்பிட நிறுத்தும் காப்பிக்கடைகளும் போதும். கேட்டுவிட்டு எடுப்பதுதான் மரியாதை. "அண்ணே, உங்க வண்டிய மாடலா செய்யப்போறேன், நாலு படம் எடுத்துக்கட்டுமா?" என்றால் பலர் கதவையே திறந்து காட்டுவார்கள். அப்போது டேஷ்போர்டைக் கவனியுங்கள். சின்ன விநாயகர், காய்ந்த மல்லிகைச் சரம், கண்ணாடியில் ஒட்டிய கைப்பேசித் தாங்கி எல்லாம் எந்த கிட்டிலும் வராது. அந்த வண்டியை அந்த வண்டியாக்குவது அவைதான்.

இன்னொன்று: தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்கள் 2027க்குள் துவாசுக்கு மாறுவதாகத் திட்டம். துவாஸ் துறைமுகம் 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. நகர ஓரத்துத் துறைமுகப் பின்னணியோடு காட்சி அமைக்க விரும்புபவர்கள் படங்களை இப்போதே எடுத்துவைப்பது நல்லது.

அளவு விகிதமும் அலமாரியும்

1/24 விகிதத்தில் இட்டாலெரியும் ரெவெலும் ஸ்கேனியா, வால்வோ, மெர்சிடிஸ் ஆக்ட்ரோஸ், மேன் போன்ற ஐரோப்பிய லாரிகளைத் தருகின்றன. அமெரிக்க லாரிகள் 1/25இல் ஏஎம்டி, மோபியஸ் பெயர்களில் வருகின்றன. ஜப்பானிய லாரிகள் வேண்டுமென்றால் ஆவோஷிமாவின் 1/32 கிட்டுகள் நல்ல வழி. அவற்றில் ஸ்டீயரிங் வலப்பக்கமே இருக்கும் என்பது நமக்குப் பெரிய வசதி. தாமியாவின் 1/14 ரிமோட் லாரிகள் தனி உலகம். செலவும் தனி.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இடம்தான் முதல் கட்டுப்பாடு. 40 அடி கொள்கலனின் நீளம் 12.19 மீட்டர். 1/24இல் அது 508 மி.மீ., 1/32இல் 381 மி.மீ., 1/14இல் 871 மி.மீ. முன்னால் பிரைம் மூவரையும் சேர்த்தால் 1/24இல் முழு வண்டியும் 65 முதல் 70 செ.மீ. வரை போகும். அலமாரியை அளந்துவிட்டு முடிவெடுங்கள். இடம் இல்லையென்றால் 20 அடி கொள்கலன் போதும், 1/24இல் அது 252 மி.மீ.தான். விகிதத்தைச் சிறிதாக்குவதைவிட சுமையைச் சிறிதாக்குவதே மேல் என்பது என் கருத்து. 1/32க்கு இறங்கினால் ஐரோப்பிய வண்டிகளுக்கான கூடுதல் பாகங்கள் மிகவும் குறைந்துவிடும்.

சக்கரம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

சக்கரம் முடிவானால் வண்டியின் உயரம் முடிவாகும். உயரம் முடிவானால் மட்கார்டு, படிக்கட்டு, ஐந்தாம் சக்கரம், டிரெய்லர் எல்லாம் தானாகத் தங்கள் இடத்தைக் கண்டுகொள்ளும். மாற்றிச் செய்தால், கேபின் முடிந்த பிறகு வந்து சேரும் சக்கரம் மட்கார்டில் உரசும், அல்லது வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

முதலில் எண்ணிக்கை. 4×2 (நான்கு சக்கர இடங்கள், அவற்றில் இரண்டுக்கு இயந்திர விசை) பிரைம் மூவருக்கு முன்னால் இரண்டு, பின்னால் நான்கு, ஆக 6 டயர். 6×4 என்றால் 10. இங்குள்ள கொள்கலன் டிரெய்லர்களில் இரண்டு அச்சு, இரட்டைச் சக்கரம் என்ற அமைப்பைப் பரவலாகப் பார்க்கலாம், அதற்கு 8 டயர். ஐரோப்பிய டிரெய்லர் கிட்டுகளில் பெரும்பாலும் மூன்று அச்சு, ஒற்றை அகலச் சக்கரம், அதாவது 6 டயர்தான் இருக்கும். ஆகவே 6×4 வண்டியும் இரட்டை அச்சு டிரெய்லரும் என்றால் மொத்தம் 18 டயர், அதற்கேற்ற ரிம். ஆர்டர் போடும்போது இரண்டு டயர் கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள். பின்னால் அதே தொகுதி கிடைக்காமல் போகலாம்.

அடுத்தது விட்டம். மேலே சொன்ன 1,044 மி.மீ. டயர் 1/24இல் 43.5, 1/25இல் 41.8, 1/32இல் 32.6 மி.மீ. வர வேண்டும். 22.5 அங்குல ரிம் 1/24இல் 23.8 மி.மீ., 1/25இல் 22.9 மி.மீ. 1/24க்கும் 1/25க்கும் நான்கு விழுக்காடுதான் வித்தியாசம் என்பதால் அமெரிக்க சக்கரத்தை ஐரோப்பிய வண்டியில் போடுபவர்கள் உண்டு. எல்லாச் சக்கரங்களும் ஒரே தொகுதியாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கலந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். விற்பவரின் பக்கத்தில் விட்டம் போடவில்லையென்றால் எழுதிக் கேளுங்கள். டயரின் உள்விட்டம், ரிம்மின் வெளிவிட்டம், அச்சுத் துளையின் அளவு ஆகிய மூன்றையும் சொல்லாத விற்பனையாளரிடம் சக்கரம் வாங்காதீர்கள். ரிம்மில் போல்ட் எண்ணிக்கையையும் படத்தோடு ஒப்பிடுங்கள், கனரக வண்டிகளில் பெரும்பாலும் பத்து இருக்கும்.

தாளில் கட்டிப் பாருங்கள்

மில்லிமீட்டர் கட்டத் தாளில் உங்கள் விகிதத்திலேயே பக்கவாட்டுப் படம் வரையுங்கள். முதலில் தரைக்கோடு, அதன்மேல் சக்கர வட்டங்கள், பிறகு சேஸி (அடிச்சட்டம்), கடைசியில் கேபின். 6×4 என்றால் பின் அச்சுகளுக்கிடையே உண்மையில் சுமார் 1,350 மி.மீ. இருக்கும், 1/24இல் 56 மி.மீ.

இந்தப் படத்தில் இரண்டு சோதனை செய்யுங்கள். இங்கே 4.5 மீட்டருக்கு மேல் உயரமான வண்டி சாதாரணமாகச் சாலையில் போக முடியாது. 1/24இல் அது 187.5 மி.மீ. கொள்கலனோடு சேர்த்து உங்கள் வண்டி அந்தக் கோட்டுக்குக் கீழே வசதியாக நிற்க வேண்டும். சாதாரணக் கொள்கலனின் உயரம் 108 மி.மீ., உயரமான வகை 121 மி.மீ. கோட்டைத் தொட்டால் டிரெய்லர் தளம் எங்கோ உயர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டாவது, டிரெய்லரை மாட்டும் கிங்பின். உண்மையில் இரண்டு அங்குலம், 1/24இல் 2.1 மி.மீ. பிரைம் மூவர் ஒரு நிறுவனத்திலும் டிரெய்லர் இன்னொரு நிறுவனத்திலும் வாங்கினால் இந்த இடம் பொருந்தாமல் போகலாம். தாளிலேயே தெரிந்தால் ஒரு பித்தளைக் கம்பியில் முடித்துவிடலாம்.

பட்டியல்

இப்போதுதான் கிட்டைத் தேர்ந்தெடுங்கள். அதன் பாகங்கள் ஒட்டிவரும் உதிரிச் சட்டங்களின் படங்களும் செய்முறைத் தாளும் இணையத்தில் கிடைக்கும். அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்: கிட்டில் இருக்கிறது, நானே செய்வேன், வாங்க வேண்டும்.

வலப்பக்க ஸ்டீயரிங் மாற்றத்தை ஒரே வரியாக எழுதிவிடாதீர்கள். அதற்குள் டேஷ்போர்டு, ஸ்டீயரிங் தண்டு, பெடல்கள், சேஸியில் ஸ்டீயரிங் பெட்டி, முன் அச்சுக்குப் போகும் கம்பி எல்லாம் இருக்கின்றன. வைப்பர்கள் படுக்கும் திசையும் மாறும். நடைபாதை ஓரத்தைக் காட்டும் கண்ணாடி இடக்கதவுக்குப் போகும். டேஷ்போர்டு மட்டும் வாங்கி மற்றதை மறந்த மாடல்களைக் கண்காட்சிகளில் பார்த்தால் மனம் கேட்பதில்லை. இவ்வளவு உழைத்தவர் இன்னும் ஒரு மாலை செலவழித்திருந்தால் முழுமையாகியிருக்குமே என்று தோன்றும்.

தாழ்ந்த கூரைக்கு இரண்டு வழிகள். ரெசினில் (அச்சில் ஊற்றி இறுக்கிய பிசின்) செய்த முழுக் கேபினோ கூரையோ வாங்கலாம். இல்லையென்றால் கிட்டின் கூரையை அறுத்து, எவர்கிரீன் பிளாஸ்டிக் தகட்டில் புதிதாகக் கட்டலாம். வளைவு எளிமையாக இருந்தால் செய்யுங்கள். மூலைகள் எல்லாம் உருண்டு வரும் கேபின் என்றால் வாங்கிவிடுங்கள், அங்கே பணத்தைவிட நேரம்தான் அதிகம் கரையும். சேஸி நீட்டம், பேட்டரிப் பெட்டி, காற்றுத் தொட்டி, மட்கார்டு தாங்கி, கொள்கலன் மூலைப் பூட்டுகள் எல்லாம் தகட்டிலும் குழாயிலும் நன்றாக வரும். கண்ணாடி, ஹாரன், விளக்கு, நிறுவனச் சின்னம் போன்றவை வாங்க வேண்டியவை.

வாங்கும் இடங்கள்

1/24 ஐரோப்பிய லாரிகளுக்குப் பிரிட்டனின் கேஎஃப்எஸ் நெடுங்காலமாக அறிந்த பெயர், ரெசினும் வெள்ளை உலோகமும் அவர்கள் கைவேலை. அவர்கள் ஊரிலும் ஸ்டீயரிங் வலப்பக்கம்தான் என்பதால் நம் தேவை அவர்களுக்குப் புரியும். செக் நாட்டின் சிடிஎம் டெக்கலுக்கும் (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலம்) செதுக்கிய உலோகத் தகடுகளுக்கும் நல்லது. ஆஸ்திரேலியாவின் ஆஸ்லோவும் வலப்பக்க ஸ்டீயரிங் நாட்டைச் சேர்ந்ததே. அமெரிக்கத் தோற்றமுள்ள வண்டி கட்டுபவர்கள் அங்கே பார்க்கலாம். இவையெல்லாம் சிறு பட்டறைகள். இன்று இருக்கும் பாகம் ஆறு மாதத்தில் இல்லாமல் போகலாம். எனவே பட்டியலில் மாற்று வழியே இல்லாத பாகத்தை முதலில் வாங்குங்கள். கிட் எப்போதும் கிடைக்கும், அந்த ஒரு கேபின் கிடைக்காது.

ஆர்டருக்கு முன் வரியைக் கணக்கிடுங்கள். 2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வரும் பொருளின் மதிப்பு, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்து, 400 வெள்ளியைத் தாண்டினால் இறக்குமதியின்போது முழுத் தொகைக்கும் வரி உண்டு. பாகம் 380 வெள்ளி, அஞ்சல் 45 வெள்ளி என்றால் 425க்கு 38 வெள்ளி 25 காசு. கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் தனி. 2023 முதல் இங்கே பதிவுசெய்த பெரிய இணையச் சந்தைகள் 400க்குக் குறைந்த பொருளுக்கும் வாங்கும்போதே வரி வசூலிக்கின்றன. பதிவில்லாத சிறு பட்டறையிலிருந்து சிறிய பொதியாக வந்தால் வரி இல்லை. விலையைக் குறைத்து எழுதித் தரச் சொல்லி விற்பவரைக் கேட்காதீர்கள். அது குற்றம், பொதி தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

பெயின்ட், தின்னர், ஸ்பிரே டின் ஆகியவற்றை வெளிநாட்டு ஆர்டரில் சேர்க்க வேண்டாம். தீப்பற்றும் பொருளை விமான அஞ்சலில் அனுப்ப முடியாது, பொதி முழுவதும் நின்றுபோகும். அவற்றை உள்ளூர் மாடல் கடைகளில் வாங்குங்கள். விளக்கு, மின்தடை, மெல்லிய கம்பி ஆகியவற்றுக்கு சிம் லிம் டவர். தகடு, கத்தி, தூரிகைகளுக்கு பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ். பாதியில் கைவிட்ட கிட்டுகள் கேரசல் என்ற பழைய பொருள் விற்கும் செயலியில் மலிவாக வரும். பாகம் கழற்றிக்கொள்ள ஒரு வண்டி வாங்க அதைவிட நல்ல இடம் இல்லை. வாங்கும் முன் சக்கரமும் கண்ணாடிப் பாகங்கள் உள்ள சட்டமும் இருக்கின்றனவா என்று மட்டும் படம் கேளுங்கள்.

முப்பரிமாண அச்சு இப்போது பெரிய உதவி. இணையத்தில் கிடைக்கும் கோப்புகள் பல 1/14க்காக வரைந்தவை. 1/24க்குக் கொண்டுவர 58.3 விழுக்காடாகக் குறைக்க வேண்டும், 1/24 கோப்பை 1/32க்குக் கொண்டுவர 75. குறைக்கும்போது சுவரும் மெலியும். 1 மி.மீ. கைப்பிடி 0.58 ஆகிவிடும், அச்சடிக்கும்போது தாங்கிநிற்கும் சப்போர்ட்டைப் பிய்க்கும்போதே உடையும். அப்படிப்பட்ட இடங்களை மட்டும் கோப்பில் தடிமனாக்குங்கள், அல்லது அந்தப் பாகத்தைப் பித்தளைக் கம்பியில் செய்யுங்கள். உருக்கி அடுக்கும் அச்சு இயந்திரம் கொள்கலன், பெட்டி போன்றவற்றுக்குச் சரி, விளக்குக்கும் கண்ணாடிக்கும் ரெசின் அச்சு வேண்டும். விற்பனை அனுமதி இல்லாத கோப்பை அச்சடித்து விற்காதீர்கள். வரைந்தவரின் உழைப்பு அது.

பொதி வந்ததும்

பெட்டியைத் திறந்த அன்றே காலிப்பரால் அளந்து, பட்டியலோடு ஒப்பிட்டு, குறை இருந்தால் விற்பவருக்குப் படத்தோடு எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து எழுதினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ரெசின் பாகங்களில் அச்சிலிருந்து கழற்றுவதற்கான எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும். வளைந்த சேஸிப் பட்டையைச் சூடான தண்ணீரில் முக்கி, கண்ணாடித் தட்டின்மேல் நேராக்கி, குளிர்ந்த தண்ணீரில் காட்டுங்கள். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீரில் நனைத்தே தேய்த்து, முகக்கவசமும் அணியுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிளாஸ்டிக் சிமென்ட் ரெசினையோ உலோகத்தையோ பிடிக்காது. சின்னதுக்கு சூப்பர் குளூ, எடை தாங்கும் இடத்துக்கு இரு கலவை எப்பாக்சி.

சேஸியை நீட்டும்போது நேர்கோட்டில் வெட்டாமல் படிபோல வெட்டி, உள்பக்கம் 1 மி.மீ. தகட்டை 30 மி.மீ. நீளத்துக்கு ஒட்டுங்கள். ஒட்டு முழுக்கக் காயும்வரை கட்டத் தாளின்மேல் எடை வைத்துவிடுங்கள். அப்புறம் பெயின்ட் இல்லாமலேயே சக்கரம், சேஸி, கேபின், டிரெய்லர் எல்லாவற்றையும் ஒட்டுநாடாவால் பொருத்தித் தரையில் நிறுத்திப் பாருங்கள். எல்லா டயரும் தரையைத் தொட்டு, கொள்கலன் தரைக்கு இணையாக நின்றால்தான் அடுத்த வேலை.

நம் ஊர் ஈரத்தில் பெயின்ட்

ஈரப்பதம் அதிகமாக இருக்கும்போது லாக்கர் (வேகமாக உலரும் கரைப்பான் பெயின்ட்) அடித்தால் பளபளப்பு போய் வெள்ளையாகப் பூத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிரவைக்கும், காற்றிலுள்ள ஈரம் அதில் படியும், அதுதான் காரணம். மழை பெய்யும்போதோ மழை விட்ட உடனேயோ அடிக்காதீர்கள். அறையை ஏர்கானின் உலர்த்தும் நிலையில் முன்கூட்டியே ஓடவிடுங்கள். மிஸ்டர் கலர் என்ற லாக்கர் பெயின்ட் வகைக்கு அவர்களின் லெவலிங் தின்னரைக் கலந்தால், அதிலுள்ள மெதுவாக்கி இந்தப் பூப்பைப் பெருமளவு தடுக்கும். பூத்துவிட்டால் பதற்றம் வேண்டாம். உலர்ந்த நாளில் மெதுவாக்கி கலந்த தின்னரை மெலிதாக ஒரு பூச்சு அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பொது நடைபாதையில் ஸ்பிரே அடிப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் அநியாயம். அந்த வாடை குழந்தை தூங்கும் அறைக்குள் போகும். ஜன்னலுக்கு வெளியே குழாய் விடும் சிறிய ஸ்பிரே பெட்டி வாங்குங்கள், கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள முகமூடியும் வேண்டும். சாதாரண மருத்துவ முகக்கவசம் இதற்கு உதவாது.

எழுத்தும் விளக்கும்

வண்டி சிங்கப்பூருடையது என்பதை எழுத்துகள்தான் சொல்லும். எக்ஸ் என்று தொடங்கும் பதிவெண், டிரெய்லருக்கு டிஆர் என்று தொடங்கும் தனி எண், பக்கவாட்டில் காலி எடையும் அதிகபட்ச எடையும், பின்னால் வேக வரம்பு வட்டம் என எல்லாவற்றையும் உங்கள் படத்திலிருந்து அப்படியே வரையுங்கள். பதிவெண்ணில் மட்டும் இரண்டு இலக்கத்தை மாற்றிவிடுங்கள், அது இன்னொருவரின் வண்டி. வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது. ஆகவே நிறக் கதவில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால், முதலில் வெள்ளை அடித்து, எழுத்து வடிவில் வெட்டிய மறைப்புத் தாளை ஒட்டி, மேலே நிறம் அடித்து உரியுங்கள். டெக்கலைவிடக் கூர்மையாக வரும்.

விளக்குக்கு 0603 அளவு எஸ்எம்டி (நேராகப் பரப்பில் ஒட்டும் நுண்ணிய) எல்இடி 1/24க்குச் சரியாக இருக்கும். யூஎஸ்பியின் 5 வோல்டில் வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட் எடுக்கும். 470 ஓம் மின்தடை போட்டால் 4 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும், மாடலுக்கு அந்த வெளிச்சமே தாராளம். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி மின்தடை போடுங்கள். கேபினின் உள்பக்கம் முதலில் கறுப்பும் பிறகு வெள்ளியும் அடித்துவிட்டால் ஒளி சுவரைத் துளைத்து வெளியே தெரியாது. கம்பிகளைச் சேஸியின் காற்றுக் குழாய்களோடு சேர்த்துக் கொண்டுபோய், டிரெய்லருக்குப் போகும் சுருள் குழாயின் ஊடாகவே பின்விளக்குக்கு மின்சாரம் கொடுக்கலாம். 0.1 மி.மீ. எனாமல் கம்பி அதற்குப் போதும். ஆனால் பிரைம் மூவரையும் டிரெய்லரையும் தனித்தனியாகக் கழற்றி வைக்கும்படி நடுவில் ஒரு சிறிய இணைப்பான் விடுங்கள், 70 செ.மீ. வண்டியை ஒரே துண்டாகக் கண்காட்சிக்கு எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோக முடியாது.